பெருக்கினால் வாட்! வகுத்தால் ஓம்!

வீட்டுச் சுவரிலேயே ஒரு மின்சாரப் பள்ளிக்கூடம்

காஞ்சிபுரத்தை அடுத்து ஏனாத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது.

1993-ம் ஆண்டில் தொடங்கிய சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயம் என்ற பல்கலைக்கழகம் இங்கேதான் உள்ளது. மின்சாரப் படிப்பு படிக்கும் மாணவர்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்சை விட்டு இறங்குவார்கள்.

அவர்கள் முதல் வருஷத்தில் போடும் கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கைப் பார்க்க நாம் பல்கலைக்கழகத்துக்குள் போகவேண்டியதில்லை. ஊருக்குள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது!

மின்சார மீட்டரைத்தான் சொல்கிறோம்.

ஈ.பி.காரர் வருவார். ரீடிங் எடுப்பார். போய்விடுவார். மீட்டர் என்றால் நமக்கு அவ்வளவுதான் ஞாபகம். ஆனால் இப்போது மாட்டுகிற மீட்டர்களில் பலவற்றைச் சற்று நேரம் நின்று பாருங்கள். எண்கள் மாறி மாறி வரும். சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும்.

அதில் ஓர் எண் 230-ஐ ஒட்டி இருக்கும். பக்கத்தில் ஆங்கிலத்தில் "வி" என்ற எழுத்து. அது வோல்ட்.

இன்னோர் எண் 1, 2, 4 என்று சின்னதாக, புள்ளி வைத்து இருக்கும். பக்கத்தில் "ஏ" என்ற எழுத்து. அது ஆம்பியர்.

இந்த இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் ஓம் கிடைக்கும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

"இது தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கலாம்.

கரண்ட் பில் தெரியும். மோட்டார் காயில் ஏன் கருகுகிறது என்று தெரியும். பிளக் ஏன் உருகுகிறது என்று தெரியும். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட்டவர் ஏன் சாகிறார் என்பதும் தெரியும்.

ஏரியும் மதகும்

காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு மின்சாரத்தைப் புரியவைப்பது சுலபம். அவர்களுக்கு ஏரி தெரியும்.

ஏரியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது? உயரம் கூடினால் மதகில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். உயரம் குறைந்தால் சோம்பலாக வரும். இந்த உயரம்தான் வோல்ட். "மின் அழுத்தம்" என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும்.

கால்வாயில் வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? அது ஆம்பியர். "மின்னோட்டம்" என்பார்கள்.

கால்வாயில் புல்லும் கோரையும் மண்டிக் கிடந்தால் என்ன ஆகும்? ஏரி நிரம்பியிருந்தாலும் தண்ணீர் குறைவாகத்தான் வரும். அந்தத் தடுப்புதான் ஓம். "மின் தடை" என்று பெயர்.

அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும். தடை கூடினால் ஓட்டம் குறையும். அதாவது வோல்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்.

இவ்வளவுதான் விதி. இந்த ஒரு வரி விதியைக் கண்டு சொன்னவர் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல.

பூட்டுக்காரர் மகன்

ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனி நாட்டுக்காரர். 1789-ல் பிறந்தவர். அவருடைய அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர். ஆனால் தானாகவே படித்துக் கணக்கு கற்றுக்கொண்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, கொலோன் நகரில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார்.

அந்தக் காலத்தில் பேட்டரியில் கரண்ட் நிலையாக வராது. ஏறும், இறங்கும். அளப்பது எப்படி? ஓம் ஒரு யுக்தி செய்தார். இரண்டு வித உலோகங்களை ஒட்டி, ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும், மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இப்படிச் செய்தால் கொஞ்சம் கரண்ட் வரும். ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். அதை வைத்துக்கொண்டு நீளக் கம்பி, குட்டைக் கம்பி என்று மாற்றி மாற்றி அளந்து பார்த்தார்.

1827-ல் புத்தகம் போட்டார். மற்ற அறிஞர்கள் கொண்டாடுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சட்டை செய்யவில்லை. மனம் ஒடிந்து வேலையையும் விட்டார். பல வருஷம் வறுமை.

1841-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தபோது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. 1854-ல் இறந்துவிட்டார்.

1881-ல் பாரிஸ் நகரில் மின்சார அறிஞர்கள் கூடி, மின் தடையின் அளவுக்கு "ஓம்" என்ற பெயரை முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள். பூட்டுக்காரர் மகனின் பெயர் இன்று மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு எலெக்ட்ரீஷியன் வாயிலும் வருகிறது!

இஸ்திரிப் பெட்டி சொல்லும் கணக்கு

ஏனாத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான். அப்பா, அம்மா, ஆயா, எட்டாம் வகுப்பு படிக்கும் பெண். கூரைக்குக் கீழே ஒரு பேன். 2011-க்குப் பிறகு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்சி. ஓர் இஸ்திரிப் பெட்டி.

அந்தப் பெண் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுகிறாள். ஓடிப்போய் மீட்டரைப் பார்க்கிறாள்.

230 வோல்ட். 4.6 ஆம்பியர்.

"ஆயா, பெருக்கினா 1058 வாட் வருது!"

"பொட்டியில என்னம்மா போட்டிருக்கு?"

"ஆயிரம்னு போட்டிருக்கு ஆயா."

தகட்டில் போட்டிருப்பது சுமார் கணக்கு. மீட்டர் காட்டுவது நிஜக் கணக்கு. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பயப்படவேண்டாம்.

இனி வகுத்தல். 230-ஐ 4.6-ஆல் வகுத்தால் 50. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கம்பியின் தடை 50 ஓம்.

இந்த 50 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டியின் கம்பி, வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய இதே 50 ஓமில்தான் இருக்கும்.

சாயங்காலம் ஊரே விளக்குப் போடும் நேரம். வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கரண்ட் எவ்வளவு? 180-ஐ 50-ஆல் வகுத்தால் 3.6 ஆம்பியர். சக்தி எவ்வளவு? 180-ஐ 3.6-ஆல் பெருக்கினால் 648 வாட்.

கவனியுங்கள். வோல்டேஜ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. சூடோ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது! வோல்டேஜ் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைகிறது. இரண்டு பக்கமும் அடி. "பெட்டி பழுதாகிவிட்டது" என்று அம்மா சொல்வாள். பெட்டிமேல் தப்பில்லை.

குண்டு பல்பு மட்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கள்ளத்தனம் செய்யும். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால், அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உள்ளே இருக்கும் இழை சூடாக ஆகத் தடை ஏறும். அதனால்தான் ஸ்விட்சைப் போட்ட அந்த நொடியில் கரண்ட் அதிகமாகப் பாய்கிறது. பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே "டப்" என்று போவதற்குக் காரணம் இதுதான்.

கடைமடைக் கிணறு

ஏரிப் பாசனத்தில் கடைமடைக்காரர் எப்போதும் குறை சொல்வார். தலைமடையில் இருப்பவருக்குத் தண்ணீர் போய், மீதிதான் தனக்கு வருகிறது என்பார். மின்சாரக் கம்பியிலும் கடைமடை உண்டு.

ஒயர் என்பது வெறும் பாதை அல்ல. ஒயருக்கும் தடை உண்டு. நீளம் கூடினால் தடை கூடும். கம்பி தடித்தால் தடை குறையும்.

கடையில் "ஒன்றரை ஸ்கொயர்" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த செம்புக் கம்பி குறுக்கே வெட்டினால் 1.5 சதுர மில்லிமீட்டர் இருக்கும். அதில் 100 மீட்டருக்குத் தடை சுமார் 1.21 ஓம்.

வீட்டிலிருந்து 100 மீட்டர் தூரத்தில் கிணறு. அங்கே ஒரு சின்ன மோட்டார். ஓடும்போது 7 ஆம்பியர் இழுக்கிறது. கரண்ட் போகவேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே ஒயரின் நீளம் 200 மீட்டர். தடை 2.42 ஓம்.

7-ஐ 2.42-ஆல் பெருக்குங்கள். சுமார் 17 வோல்ட். வீட்டில் 230 இருந்தால் கிணற்றடியில் 213தான் இருக்கும். அந்த 17 வோல்ட் எங்கே போயிற்று? ஒயரைச் சூடாக்கப் போயிற்று. 17-ஐ 7-ஆல் பெருக்கினால் 119 வாட். ஒரு சொட்டுத் தண்ணீரும் இறைக்காமல் 119 வாட் வீண்!

அதே இடத்தில் "நாலு ஸ்கொயர்" ஒயர் போட்டால் தடை 0.92 ஓம்தான். நஷ்டம் ஆறரை வோல்ட். ஒயர் விலை கூடுதல்தான். ஆனால் வருஷக்கணக்கில் ஓடுகிற மோட்டாருக்கு அது லாபம்.

மோட்டாரின் குணம் வேறு. இஸ்திரிப் பெட்டி சாது. வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். மோட்டார் அப்படியல்ல. அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் அது ஆம்பியரைக் கூட்டி இழுக்கும்.

230 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுத்தது, 180 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும்.

"இரண்டு ஆம்பியர்தானே?" என்று நினைக்கவேண்டாம். கம்பியில் பிறக்கும் சூடு, ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கிய கணக்கில் ஏறும். இதை 1840-ஐ ஒட்டி ஜூல் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். ஏழேழு 49. ஒன்பதொன்பது 81. சூடு ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விட்டது! காயிலின் மேல் பூசிய வார்னிஷ் கருகும். வாசனை வரும். பிறகு மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொண்டுபோகவேண்டியதுதான்.

விவசாயப் பம்புசெட்டுக்குத் தமிழ்நாட்டில் 1990-ல் மின்சாரம் இலவசம் ஆயிற்று. காயில் கட்டுவது இலவசம் இல்லையே!

மோட்டாரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மோட்டாரில் வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது முழுக்க வாட் ஆகாது. இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு அரை அடி பின்தங்கி நடந்தால் முழுப் பலமும் வண்டிக்கு வராது அல்லவா? அதுபோல மோட்டாரில் கரண்ட் வோல்டேஜுக்குச் சற்றுப் பின்தங்கும். அதற்காகக் கொஞ்சம் கழிக்கவேண்டும். "பவர் பேக்டர்" என்று எலெக்ட்ரீஷியன் சொல்வது இதைத்தான். நல்ல வேளையாக, யூனிட் கணக்குப் போடும்போது மீட்டரே அதைக் கழித்துவிடுகிறது.

பிளக்குக்குள் ஒரு பல்பு

மார்கழிக் குளிர். வெந்நீர் போட 1500 வாட் ஹீட்டர். அதே ஜங்ஷன் பெட்டியில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி. இரண்டும் சேர்ந்து 2500 வாட்.

2500-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 11 ஆம்பியர். ஆனால் அந்தச் சின்ன பிளக் 6 ஆம்பியருக்குச் செய்தது!

போதாததற்கு பிளக்கின் கால் லூசாக ஆடுகிறது. ஆடுகிற இடத்தில் தடை உண்டாகும். அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். அரை ஓம் என்றால் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121. அதில் பாதி 60 வாட்.

அதாவது, எரிகிற ஒரு 60 வாட் குண்டு பல்பைப் பிளக்குக்குள் ஒளித்துவைத்த மாதிரி! பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

பிளக் சுடுகிறதா? லேசாகக் கருகல் நாற்றம் வருகிறதா? இந்தக் கணக்கு அங்கே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்விட்சை அணையுங்கள். ஹீட்டரை 16 ஆம்பியர் பவர் பிளக்கில் தனியாகப் போடுங்கள்.

இன்னொரு வழக்கம் உண்டு. பியூஸ் அடிக்கடி போகிறது என்று, தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். பியூஸ் கம்பி மெல்லியதாக இருப்பதே முதலில் அது சாகவேண்டும் என்பதற்காகத்தான். அதைத் தடிப்பாக்கினால், அடுத்து மெல்லியது எது? சுவருக்குள் ஓடும் ஒயர். பியூஸ் போவதற்குப் பதிலாக வீடு எரியும்.

ஈரக் கை

நம் உடம்புக்கும் தடை உண்டு.

காய்ந்த தோல் என்றால் பல ஆயிரம் ஓம்கூட இருக்கும். வியர்வையோ தண்ணீரோ பட்டு நனைந்துவிட்டால் சுமார் 1000 ஓமுக்கு இறங்கிவிடும்.

வகுத்துப் பாருங்கள். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர்.

ஒரு 60 வாட் பல்பு இழுப்பதே 0.26 ஆம்பியர். அதைவிடக் குறைவு இது! ஆனால் மனிதனின் இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்பதற்கு 0.1 ஆம்பியர்கூட வேண்டாம். 0.03 ஆம்பியரைத் தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடும். பிடித்த கையை விடமுடியாது. மூச்சு முட்டும்.

இப்போது முக்கியமான கேள்வி. "ஷாக் அடித்தால் பியூஸ் போய்விடுமே?"

போகாது!

6 ஆம்பியர் பியூசுக்கு 0.23 ஆம்பியர் எம்மாத்திரம்? அதற்குக் கரண்ட் போனதே தெரியாது. பியூசும், பெட்டியில் "டக்" என்று விழும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்ற வைத்தவை. மனிதரைக் காப்பாற்ற வைத்தவை அல்ல.

மனிதரைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. என்று ஒரு சாதனம் இருக்கிறது. பழைய எலெக்ட்ரீஷியன்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். அதன் வேலை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 0.03 ஆம்பியர் குறைந்தால், அது யாருடைய உடம்பு வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று சந்தேகப்பட்டு, கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அதில் "டெஸ்ட்" பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்கவேண்டும்.

மழைக்காலத்தில் மின்சாரக் கம்பத்திலும், சர்வீஸ் ஒயர் பக்கத்திலும் துணி காயப்போடக் கொடிக்கம்பி கட்டுகிறார்களே, அவர்களுக்கும் இதே கணக்குத்தான். கம்பி ஈரம். துணி ஈரம். கை ஈரம். வெறுங்கால். கீழே சேறு. கொடிக்கு நைலான் கயிறு போதாதா?

எர்த் குழிக்குத் தண்ணீர் எதற்கு?

வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி இருக்கும். கரியும் உப்பும் போட்டுக் குழாயையோ தகட்டையோ புதைத்திருப்பார்கள். "கோடையில் தண்ணீர் ஊற்று" என்று ஒயர்மேன் சொல்லிவிட்டுப் போவார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இஸ்திரிப் பெட்டிக்குள் ஒயர் நைந்து, வெளித் தகட்டில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் எர்த் வழியாகப் பூமிக்குப் போகும்.

எர்த்தின் தடை 2 ஓம் என்றால்? 230-ஐ 2-ஆல் வகுத்தால் 115 ஆம்பியர். அடுத்த நொடியே பியூஸ் போய்விடும். பெட்டி செத்துவிடும். ஆள் பிழைப்பார்.

சித்திரை வெயிலில் குழி காய்ந்து, தடை 100 ஓம் ஆகிவிட்டது என்றால்? 230-ஐ 100-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர். பியூஸ் போகவே போகாது. பெட்டியின் தகட்டில் கரண்ட் அப்படியே நிற்கும். யாராவது வந்து தொடுகிறவரையில் காத்திருக்கும்.

ஒரு குடம் தண்ணீர் மண்ணை நனைத்துத் தடையைக் குறைக்கிறது. ஒயர்மேன் சொன்னதன் பொருள் அதுதான். ஆனால் எர்த் நிஜமாகவே நன்றாக இருக்கிறதா என்பதைத் தண்ணீர் ஊற்றித் தெரிந்துகொள்ள முடியாது. கருவி வைத்து அளக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நூறு யூனிட் கணக்கு

இனிப் பணத்துக்கு வருவோம்.

1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை இலவசம் என்ற திட்டம் 2016-ல் தமிழ்நாட்டில் வந்தது. அந்த நூறுக்குள் என்னென்ன அடங்கும்?

75 வாட் பேன் ஒன்று. தினம் 10 மணி நேரம். 60 நாள். மொத்தம் 45 யூனிட். ஏறக்குறையப் பாதியைப் பேனே தின்றுவிட்டது!

9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, தினம் 5 மணி நேரம். சுமார் 8 யூனிட்தான். பழைய 60 வாட் குண்டு பல்பாக இருந்தால் ஒன்றுக்கே 18 யூனிட் ஆகியிருக்கும்.

60 வாட் டி.வி., 4 மணி நேரம். சுமார் 14 யூனிட்.

550 வாட் மிக்சி, தினம் கால் மணி நேரம். சுமார் 8 யூனிட். மிக்சி பெரிய சத்தம் போடும், வாட்டும் பெரிசு. ஆனால் ஓடுகிற நேரம் கொஞ்சம். அதனால் பில்லில் அது ஏழை.

எல்லாம் கூட்டினால் 75. நூறுக்குள் வந்துவிட்டது. இன்னொரு பேன் போட்டால் 120. தாண்டிவிட்டது! புது வகை மோட்டார் வைத்து 30 வாட்டில் ஓடும் பேன்கள் இப்போது வருகின்றன. இரண்டு பேனையும் அப்படி மாற்றினால் மொத்தமே 67 யூனிட்தான். விலை கூடுதல் என்பது உண்மை. எத்தனை பில்லில் அந்த விலை திரும்பும் என்பதையும் இதே மாதிரி கணக்குப் போட்டு, அப்புறம் கடைக்குப் போகலாம்.

கணக்குக் கேட்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர், மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று அதில் விதி! அந்தக் காலத்து ஏரி வாரியத்துக்கே கணக்குக் கேட்டவர்கள், மின்சார மீட்டரிடம் கேட்கக் கூச்சப்படலாமா?

சிமிட்டும் சிவப்பு விளக்கு

வோல்ட், ஆம்பியர் காட்டாத மீட்டரும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது.

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டு என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் அது 3200.

நம் கற்பனை வீட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமை இந்தச் சோதனையைச் செய்கிறாள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் எண்ணுகிறாள். 56 சிமிட்டு. ஒரு மணிக்கு 3360. அதை 3200-ஆல் வகுத்தால் 1.05 யூனிட். அதாவது 1050 வாட். முன்பு பெருக்கிக் கண்ட 1058-க்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது, பாருங்கள்!

பார்ப்பதோடு சரி. மீட்டர் பெட்டியைத் திறப்பதும், ஒயரைத் தொடுவதும் கூடவே கூடாது.

பிறகு அவள் வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்தாள். பேன் நின்றது. விளக்கு இல்லை. மீட்டரின் முன்னால் போய் நின்றாள். விளக்கு சிமிட்டக் கூடாதே!

இரண்டு நிமிஷம் ஆகப்போகும் நேரத்தில் ஒரு சிமிட்டு. மறுபடி அதே அளவு நேரம் கழித்து இன்னொரு சிமிட்டு.

"அப்பா, எல்லாம் நிறுத்தியும் எங்கேயோ கரண்ட் போகுது!"

இப்படி நடந்தால் காரணம் இரண்டில் ஒன்று. சுவருக்குள் எங்கேயோ கசிவு இருக்கலாம். அது ஆபத்து, ஒயர்மேனைக் கூப்பிடவேண்டும். ஆனால் அதற்கு முன்னால், பிளக்கில் எதையாவது மறந்து விட்டிருக்கிறோமா என்று பார்க்கவேண்டும்.

அப்பா சுவர் சுவராகப் பார்த்தார். ஆயாதான் கண்டுபிடித்தாள். டி.வி.க்குக் கீழே செட்டாப் பாக்ஸ். அதில் குண்டுமணி போல் ஒரு சிவப்பு வெளிச்சம்.

"இதை ரிமோட்லதானே நிறுத்தறோம்? பிளக்குல நிறுத்தினதே இல்லையே!" என்றாள் ஆயா.

ஸ்விட்சை அணைத்தாள். பெண் மீட்டர் முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தாள். சிமிட்டு நின்றுவிட்டது. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். மணிக்கு 32 சிமிட்டு என்றால் 10 வாட். ராத்திரி பகல் 24 மணி நேரம், 60 நாள்.

பதினாலு யூனிட்.